யூரின் இன்ஃபெக்ஷனும் கிருமியின் வீரிய மரபணுக்களும்: ஓர் எளிய விளக்கம்

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கண் போவது இரண்டு இடங்களுக்குத்தான். ஒன்று கிருமியின் பெயர். இன்னொன்று, மருந்துகளின் பெயருக்கு எதிரே வரிசையாக நிற்கும் 'எஸ்' (மருந்துக்கு அடங்கும்), 'ஆர்' (அடங்காது) எழுத்துகள். 'ஆர்' அதிகமாக இருந்தால் "ரொம்ப வீரியமான கிருமி" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவு தவறு. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி அடங்கும், எதற்கு அடங்காது என்பதை மட்டுமே அந்த எழுத்துகள் சொல்கின்றன. உடம்புக்குள் அது எப்படி ஒட்டிக்கொள்ளும், எவ்வளவு தூரம் ஏறும், என்ன சேதம் செய்யும் என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றுக்குப் பதில் வேறு மரபணுக்களில் இருக்கிறது. அவற்றைத்தான் வீரிய மரபணுக்கள் என்கிறோம்.

இன்னொரு குழப்பமும் உண்டு. "இந்தக் கிருமியில் வீரிய மரபணு கண்டுபிடிக்கப்பட்டது" என்று ஒரு வரி படித்தால், ஏதோ ஆபத்தான புது உயிரி வந்துவிட்டதுபோலத் தோன்றும். உண்மையில் அந்த வரி மட்டும் நமக்கு அதிகம் சொல்வதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

ஒரே பெயர், வெவ்வேறு கிருமிகள்

சிறுநீர்ப் பாதையில் வேறு சிக்கல் ஏதும் இல்லாதவர்களுக்கு வரும் தொற்றுகளில் ஏறத்தாழ முக்கால் பங்குக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. 1885-இல் தியோடர் எஷெரிக் என்ற குழந்தை மருத்துவர் பச்சிளங்குழந்தைகளின் மலத்தில் இதை முதலில் விவரித்தார். நம் எல்லோருடைய குடலிலும் இது இருக்கிறது, தொந்தரவு செய்யாமல்.

அப்படியானால் அதே ஈ.கோலை சிறுநீரகத்தில் ஏன் காய்ச்சலையும் குளிர்நடுக்கத்தையும் உண்டாக்குகிறது? ஏனென்றால் அது "அதே" ஈ.கோலை அல்ல. ஆய்வகங்களில் வளர்க்கப்படும் கே-12 என்ற சாதுவான ஈ.கோலையின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் எழுத்துகள். சிறுநீரகத் தொற்று வந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து எடுத்த சி.எஃப்.டி.073 என்ற ஈ.கோலையில் சுமார் 52 லட்சம். 2002-இல் இந்த இரண்டையும், ரத்தபேதி உண்டாக்கும் மூன்றாவது ஓர் ஈ.கோலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்றிலும் காணப்பட்ட புரதங்களை ஒன்றாகத் திரட்டினால், மூன்றுக்கும் பொதுவாக இருந்தவை 39.2 சதவீதம்தான். ஒரே இனப்பெயருக்குள் இத்தனை வேறுபாடு.

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு மெக்கானிக்கின் கருவிப்பையை நினைத்துக்கொள்ளலாம். எல்லா மெக்கானிக்குகளிடமும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் இருக்கும். ஆனால் கிணற்றுக்குள் இறங்கி மோட்டார் பழுதுபார்ப்பவரிடம் கயிறு, கொக்கி, டார்ச் என்று கூடுதலாகச் சில இருக்கும். அவர் மற்றவர்களைவிட பலசாலி என்பதல்ல. போகிற இடத்துக்கு வேண்டியதை வைத்திருக்கிறார், அவ்வளவே. குடலில் வாழ ஈ.கோலைக்கு அடிப்படைக் கருவிகள் போதும். சிறுநீர்ப் பாதையில் வாழக் கூடுதல் கருவிகள் வேண்டும்.

இப்போது வரையறைகள். மரபணு என்பது ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பு அடங்கிய டி.என்.ஏ. பகுதி. வீரிய மரபணு என்பது, நீக்கினாலும் ஆய்வகக் குழம்பில் கிருமி வழக்கம்போல வளரும், ஆனால் உடம்பில் நோய் உண்டாக்கும் திறன் குறைந்துவிடும் என்ற நிலையில் உள்ள மரபணு. நீக்கிய மரபணுவைத் திருப்பி வைத்தால் அந்தத் திறனும் திரும்ப வேண்டும். இந்தச் சோதனை முறையை 1988-இல் ஸ்டான்லி ஃபால்கோ தெளிவாக வகுத்துத் தந்தார். "தொற்று வந்தவர்களிடம் இந்த மரபணு அதிகம் காணப்படுகிறது" என்பது மட்டும் அதற்குச் சான்றாகாது.

முதல் தேவை: பிடிமானம்

சிறுநீர்ப்பை சில மணி நேரத்துக்கு ஒருமுறை காலியாகிறது. ஒட்டிக்கொள்ளத் தெரியாத கிருமி அந்த ஓட்டத்தில் வெளியே போய்விடும். ஆகவே பிடித்துக்கொள்ளும் கருவிதான் முதன்மையானது.

ஈ.கோலையின் உடம்பைச் சுற்றி மயிரிழைபோல நூற்றுக்கணக்கான நுண்ணிழைகள் நீட்டிக்கொண்டிருக்கும். இவற்றில் 'வகை 1' எனப்படும் இழை ஒன்றின் நீளம் 1 முதல் 2 மைக்ரோமீட்டர், தடிமன் சுமார் 7 நானோமீட்டர். இழையின் நுனியில் ஒரே ஒரு புரதம் அமர்ந்திருக்கும். அதன் பெயர் ஃபிம்-எச். சிறுநீர்ப்பையின் உட்சுவர்ச் செல்களின் மேற்பரப்பில் யூரோபிளாக்கின் என்ற புரதம் பரவியிருக்கிறது; அதன்மேல் மானோஸ் என்ற சர்க்கரை தொங்குகிறது. ஃபிம்-எச் அந்த மானோஸைக் கவ்விக்கொள்கிறது.

இந்தப் பிடியின் தன்மை அபூர்வமானது. பொதுவாக இரண்டு பொருள்கள் ஒட்டியிருக்கும்போது இழுத்தால் பிடி தளரும். ஃபிம்-எச் விஷயத்தில் சிறுநீர் ஓட்டம் இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. அந்தப் புரதம் இரண்டு பகுதிகளால் ஆனது. இழுவிசையில் பகுதிகள் விலக, சர்க்கரையைக் கவ்வும் பள்ளம் குறுகி இறுகிவிடுகிறது. ஓட்டம் நின்றதும் பிடி தளர்கிறது. கிருமி நகர்ந்து பரவலாம். ஓட்டம் நிறைந்த இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பிடியை எண்ணிப் பார்ப்பது கடினம்.

இந்த இழைகளை எப்போதும் செய்துகொண்டிருந்தால் கிருமிக்கு வீண் செலவு. நோய் எதிர்ப்புச் செல்களின் கண்ணிலும் படும். எனவே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. 314 எழுத்து நீளமுள்ள ஒரு டி.என்.ஏ. துண்டு, இழை மரபணுக்களுக்கு முன்னால் இருக்கிறது. அது ஒரு திசையில் இருந்தால் இழைகள் உருவாகும். இரண்டு நொதிகள் அந்தத் துண்டை வெட்டித் தலைகீழாகத் திருப்பி ஒட்டினால் உற்பத்தி நின்றுவிடும். ஒரே கூட்டத்திலேயே சில கிருமிகள் இழையோடும் சில இழையில்லாமலும் இருப்பது இதனால்தான்.

சிறுநீரகத்தில் பிடிக்க வேறு இழை வேண்டும். அங்குள்ள செல்களின் மேற்பரப்பில் இரண்டு காலக்டோஸ் சர்க்கரைகள் இணைந்த ஓர் அமைப்பு உண்டு. 'பி' இழைகளின் நுனியிலுள்ள பாப்-ஜி என்ற புரதம் அதைப் பிடிக்கிறது. சிறுநீரகத் தொற்றுக்கும் பாப்-ஜி-யின் இரண்டாம் வகைக்கும் உள்ள தொடர்பு இந்தத் துறையில் மிக உறுதியாக நிறுவப்பட்டவற்றுள் ஒன்று.

இதுவரை: கிருமி எங்கே தங்கும் என்பதை அதன் பிடிமானக் கருவி பெருமளவு தீர்மானிக்கிறது. ஃபிம்-எச் சிறுநீர்ப்பைக்கு, பாப்-ஜி சிறுநீரகத்துக்கு. மருந்து எதிர்ப்பு இந்தக் கதைக்குள் இன்னும் வரவே இல்லை.

இரண்டாம் தேவை: இரும்பு

பிடித்துக்கொண்டால் மட்டும் போதாது, பெருக வேண்டும். அதற்கு இரும்புச்சத்து வேண்டும். சிறுநீரில் தனியாகக் கிடக்கும் இரும்பு மிகமிகக் குறைவு. தொற்று வந்தால் உடம்பு அதையும் இறுக்கிப் பூட்டிவைக்கும்.

எனவே கிருமி சைடரோஃபோர் என்ற சிறு மூலக்கூறுகளை வெளியே விடுகிறது. அவை இரும்பை வளைத்துப் பிடித்துக்கொண்டு கிருமியின் மேற்பரப்பிலுள்ள வாயிலுக்குத் திரும்பும். எல்லா ஈ.கோலைகளிடமும் உள்ள சைடரோஃபோர் என்டரோபாக்டின். மனித உடம்பு இதை அறிந்துவைத்திருக்கிறது. லிப்போகாலின்-2 என்ற புரதத்தைச் சுரந்து, இரும்போடு திரும்பும் என்டரோபாக்டினை நடுவழியில் பிடித்துவிடுகிறது.

தொற்று உண்டாக்கும் ஈ.கோலைகளில் பலவற்றிடம் இதற்கும் ஒரு மாற்று இருக்கிறது. என்டரோபாக்டின்மேல் குளுக்கோஸை ஒட்டிவிடுகின்றன. அப்படி மாறியதுதான் சால்மோகெலின். அது லிப்போகாலினின் பிடிக்குள் பொருந்துவதில்லை. அமைப்பிலேயே வேறான ஏரோபாக்டின், யெர்சினியாபாக்டின் என்று இன்னும் இரண்டு. சாது ஈ.கோலையிடம் ஒரு வழிதான், நோயுண்டாக்கும் ஈ.கோலையிடம் மூன்று நான்குகூட இருக்கலாம்.

நச்சுகள்

ஹீமோலைசின் என்ற நச்சு, செல்லின் சவ்வில் துளை போடும். சிறுநீர்ப் பாதைத் தொற்று ஈ.கோலைகளில் ஏறத்தாழப் பாதியிடம் இது உண்டு. மரபணுச் சோதனை இல்லாமலே இதைக் கண்ணால் பார்க்கலாம். ரத்தம் கலந்த அகர் (கிருமி வளர்க்கப் பயன்படும் கூழ்) தட்டில் வளர்த்தால், சிவப்புத் தட்டில் கிருமித் திட்டைச் சுற்றித் தெளிவான வளையம் விழும். சிவப்பணுக்கள் உடைந்த இடம் அது.

இங்கே ஒரு நுணுக்கம் முக்கியம். ஹீமோலைசினுக்கு சி, ஏ, பி, டி என்று நான்கு மரபணுக்கள். 'ஏ' நச்சுப் புரதத்தைச் செய்கிறது. ஆனால் அது செயலற்ற நிலையில்தான் பிறக்கிறது. 'சி' அதில் கொழுப்பு அமிலத்தை ஒட்டி இயங்கவைக்கிறது. 'பி'யும் 'டி'யும் வெளியே ஏற்றுமதி செய்கின்றன. 'ஏ' மட்டும் இருந்து 'சி' பழுதானால் நச்சு வேலை செய்யாது.

சி.என்.எஃப்.1 என்ற இன்னொரு நச்சு செல்லைக் கொல்லாமல் அதன் உள்கட்டமைப்பைக் குழப்பி, கிருமி உள்ளே நுழைய வழிசெய்கிறது. இந்த நச்சுள்ள ஈ.கோலைகளில் பெரும்பாலும் ஹீமோலைசினும் இருக்கும். இரண்டும் டி.என்.ஏ.வில் பக்கத்துப் பக்கத்திலேயே அமைந்திருப்பதே காரணம்.

திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரு விளக்கம்

ஃபிம்-எச் ஒட்டுவதோடு நிற்பதில்லை. உட்சுவர்ச் செல் அந்தக் கிருமியை உள்ளே இழுத்துக்கொள்ளவும் அதுவே தூண்டுகிறது. எலிகளில் செய்த ஆய்வுகளில், உள்ளே போன ஈ.கோலை சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் பெருகி, உயிர்ப்படலம்போல இறுகிய கூட்டமாகச் செல்லையே நிரப்பிவிடுவது தெரியவந்தது. உயிர்ப்படலம் என்பது கிருமிகள் பசைபோன்ற பொருளுக்குள் ஒன்றாகப் புதைந்து வாழும் நிலை. இத்தகைய கூட்டங்கள் தொற்றுள்ள பெண்களின் சிறுநீரில் உதிர்ந்த செல்களிலும் பின்னர் காணப்பட்டன.

உடம்பு அந்த மேல் செல்களையே உதிர்த்துக் கிருமியை வெளியேற்றப் பார்க்கிறது. நல்ல உத்தி, ஆனால் அடியிலிருக்கும் இளம் செல்கள் வெளித்தெரிய, சில கிருமிகள் அவற்றுக்குள் புகுந்து பெருகாமல் உறங்குகின்றன. செல்லுக்குள் இருக்கும் அவற்றை எட்டுவதே பல ஆன்டிபயாடிக்குகளுக்குக் கடினம். எட்டினாலும், பெருகும் கிருமியைத் தாக்கும் மருந்துக்கு உறங்கும் கிருமியிடம் பெரிய வேலை இல்லை. 'எஸ்' என்று ரிப்போர்ட் சொன்ன மருந்தைச் சரியாக எடுத்தும் அதே கிருமி திரும்புவதற்கு இது ஒரு வழி. எல்லா மறுதொற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. குடலிலிருந்து புதிதாக வந்து சேர்வதும் நடக்கிறது.

ஈ.கோலை அல்லாதவை

புரோட்டியஸ் என்ற கிருமியின் முக்கியக் கருவி யூரியேஸ் நொதி. அது சிறுநீரிலுள்ள யூரியாவை அமோனியாவாக உடைக்கும். சிறுநீர் காரத்தன்மை அடையும். மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் சேர்ந்து கல்லாகப் படியும். கதீட்டர் வைத்தவர்களுக்குக் குழாய் அடைத்துக்கொள்வதற்கு இது பெரிய காரணம். கல்லுக்குள் கிருமி பத்திரமாக இருக்கும் என்பதால், கல்லை அகற்றாமல் மருந்து மட்டும் கொடுத்தால் தொற்று திரும்பும். கிளெப்சியெல்லாவுக்குத் தடித்த உறையும், என்டரோகாக்கஸுக்குக் கதீட்டர்மேல் படியும் ஃபைப்ரினோஜென் என்ற ரத்தப் புரதத்தைப் பற்றும் இழையும் உதவுகின்றன.

கருவிகள் எப்படிக் கைமாறுகின்றன?

வீரிய மரபணுக்கள் பல, டி.என்.ஏ.வில் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதில்லை. நோயாக்கத் தீவு எனப்படும் பெரிய துண்டுகளில் கூட்டமாக இருக்கின்றன. ஒரு தீவு பல்லாயிரம் எழுத்துகளில் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேல் நீளலாம். வேறு கிருமிகளிடமிருந்து வைரஸ் மூலமாகவோ பிளாஸ்மிட் என்ற டி.என்.ஏ. வளையம் மூலமாகவோ வந்து ஒட்டிக்கொண்டவை இவை என்பதற்கான தடயங்கள் அவற்றின் எழுத்து விகிதத்திலேயே தெரிகின்றன.

வந்தது போகவும் செய்யும். ஜெர்மனியில் யோர்க் ஹாக்கர் குழு 536 என்ற ஈ.கோலையை ஆராய்ந்தபோது, சில கிருமிகள் தீவை அப்படியே உதிர்த்துவிடுவதைக் கண்டது. ஹீமோலைசினும் இழையும் ஒரே நேரத்தில் போய்விட்டன, வீரியமும் போயிற்று. 1990-ஐ ஒட்டி இந்த ஆய்வுகளில்தான் நோயாக்கத் தீவு என்ற கருத்தே உருவானது.

மரபணு இருந்தால் நோய் வருமா?

ஸ்வீடனில் ஒரு சிறுமியின் சிறுநீரில் ஈ.கோலை மூன்று ஆண்டுகள் இருந்தது. அவருக்கு எந்த அறிகுறியும் இல்லை. 83972 என்று எண்ணிடப்பட்ட அந்தக் கிருமியின் டி.என்.ஏ.வைப் படித்தபோது வீரிய மரபணுக்கள் பல இருந்தன. ஆனால் வகை 1 இழைக்கான தொகுதியில் பெரிய துண்டு காணாமல் போயிருந்தது. பாப்-ஜி மரபணு எழுத்துப்பிழைகளால் செயலிழந்திருந்தது. கருவிப்பை இருக்கிறது, கருவிகள் உடைந்திருக்கின்றன. பின்னாளில், சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாத சில நோயாளிகளுக்கு இதே கிருமியை வேண்டுமென்றே வைத்து, மோசமான கிருமிகள் இடம்பிடிக்காமல் தடுக்கும் மருத்துவ ஆய்வும் நடந்தது.

இன்னொரு பக்கம், ஃபிம்-எச் மரபணு சாதுவான கே-12 உட்பட ஏறத்தாழ எல்லா ஈ.கோலைகளிலும் இருக்கிறது. ஆகவே "ஃபிம்-எச் மரபணு 95 சதவீத மாதிரிகளில் உள்ளது" என்று ஓர் ஆய்வு சொன்னால் அதில் வியப்பில்லை. குடல் ஈ.கோலைகளோடு ஒப்பிட்டார்களா என்று கேட்க வேண்டும். ஒப்பீடு இல்லாத சதவீதத்தால் பயன் மிகக் குறைவு.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அடிக்கடி தொற்று வந்த பெண்களின் ஈ.கோலைகளை எலிகளில் சோதித்தார்கள். எத்தனை வீரிய மரபணுக்கள் உள்ளன என்ற எண்ணிக்கையை வைத்து, எது சிறுநீர்ப்பையில் நிலைக்கும் என்று கணிக்க முடியவில்லை. எந்த மரபணு எப்போது இயங்குகிறது என்பதும், உடம்பின் எதிர்வினையுமே முக்கியமாக இருந்தன.

உடம்பின் பங்கு இதில் பெரியது. கதீட்டர், கல், அடைப்பு உள்ளவருக்குக் கருவிகள் குறைவான கிருமியே போதும். ஆரோக்கியமான பாதையில் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும் கிருமியிடம்தான் பாப்-ஜி போன்றவை அதிகம் காணப்படுகின்றன.

இதுவரை: மரபணு இருப்பது, அது முழுதாக இருப்பது, அது இயங்குவது, அதற்கு இடம் கிடைப்பது எல்லாம் தனித்தனி. மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். சோதனை சொல்வது முதலாவதை மட்டும்.

வீரியம் வேறு, மருந்து எதிர்ப்பு வேறு

எதிர்ப்பு மரபணு, மருந்தை உடைக்கும் அல்லது வெளியேற்றும் புரதத்தைச் செய்கிறது. அல்லது மருந்து தாக்கும் இலக்கையே மாற்றுகிறது. ஆன்டிபயாடிக் இல்லாத உடம்பில் அதனால் கிருமிக்கு லாபமில்லை. வீரிய மரபணு, ஆன்டிபயாடிக் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொற்றுக்கு உதவுகிறது.

இரண்டும் சேர்ந்தே வளரும் என்று நினைப்பதும் சரியல்ல. எஸ்.டி.95 என்ற குடும்பத்து ஈ.கோலைகள் வீரியக் கருவிகள் நிறைந்தவை. ஆனால் பெரும்பாலும் சாதாரண மருந்துகளுக்கே அடங்கும். குயினோலோன் மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற ஈ.கோலைகளில் ஹீமோலைசின் குறைவாக இருப்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2008 முதல் உலகெங்கும் கவனிக்கப்படும் எஸ்.டி.131 குடும்பத்தில் எதிர்ப்பும் கணிசமான கருவிகளும் ஒன்றாக இருக்கின்றன. ஆகவே ஒன்றை வைத்து இன்னொன்றை ஊகிக்கக் கூடாது.

பி.சி.ஆரில் எப்படிப் பார்க்கிறார்கள், எங்கே தவறுகிறது?

பி.சி.ஆர். என்பது டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் கோடிக்கணக்கில் நகலெடுக்கும் முறை. நியூட்ரியன்ட் அகரில் வளர்ந்த இரண்டு மூன்று கிருமித் திட்டுகளை 200 மைக்ரோலிட்டர் நீரில் கலக்கி, 95 டிகிரி செல்சியசுக்கு மேல் 10 நிமிடம் சூடாக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றி மேல் நீரை எடுப்பார்கள். 25 மைக்ரோலிட்டர் கலவையில் 12.5 மாஸ்டர் மிக்ஸ் (நகலெடுக்கும் நொதியும் அதற்கு வேண்டிய பொருள்களும்), இரண்டு பிரைமரும் ஒவ்வொன்று, டி.என்.ஏ. 2, மீதி 8.5 நீர். பிரைமர் என்பது தேடும் மரபணுவின் இரு முனைகளில் பொருந்தும் சிறு டி.என்.ஏ. துண்டு. 95, சுமார் 60, 72 டிகிரி என்று 30 சுற்றுகள். பிறகு 1.5 முதல் 2 சதவீத அகரோஸ் ஜெல்லில் ஓடவிட்டு, எதிர்பார்த்த நீளத்தில் பட்டை விழுகிறதா என்று பார்ப்பார்கள்.

அதிகம் நடக்கும் தவறு, ரத்த அகரிலிருந்து திட்டை நேராக எடுப்பது. ரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீம் என்ற பொருள் நகலெடுக்கும் நொதியைத் தடுத்துவிடும். இருக்கும் மரபணுவும் இல்லை என்று வரும். இதைக் கண்டுபிடிக்க, எல்லாப் பாக்டீரியாவிலும் உள்ள 16எஸ் மரபணுவுக்கும் ஒரு பிரைமர் ஜோடி வைக்க வேண்டும். அதற்கும் பட்டை விழவில்லை என்றால் சோதனையே தோல்வி. உறுதிக் கட்டுப்பாடாக, அதாவது பட்டை விழுந்தே ஆக வேண்டிய மாதிரியாக, சி.எஃப்.டி.073-ஐ வைக்கலாம். கே-12-ஐ மறுப்புக் கட்டுப்பாடாக (பட்டை விழக் கூடாத மாதிரியாக) வைப்பவர்கள், ஃபிம்-எச்-க்கு அது செல்லாது என்பதை மறக்கக் கூடாது.

நோயாளிக்கு இதில் என்ன?

வழக்கமான கல்ச்சர் ரிப்போர்ட்டில் வீரிய மரபணுக்கள் வராது. ஆய்வகம் மறைக்கவில்லை, சிகிச்சையைத் தீர்மானிக்க அந்தத் தகவல் இன்று பயன்படுவதில்லை. மருத்துவர் பார்ப்பது அறிகுறிகள், கிருமி எண்ணிக்கை, எஸ்-ஆர் பட்டியல், கல்லோ அடைப்போ கர்ப்பமோ உண்டா என்பவை. அந்த எண்ணிக்கை சரியாக வர, மாதிரி இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இல்லாவிட்டால் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். அறை வெப்பத்தில் வைத்தால் கிருமி பாட்டிலிலேயே பெருகி, இல்லாத தொற்றைக் காட்டும்.

ஃபிம்-எச் மானோஸைப் பிடிக்கிறது என்றால், மானோஸையே சாப்பிட்டால் கிருமி அதைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடாதா? பலர் டி-மானோஸ் பொடியை இந்த எண்ணத்தில்தான் வாங்குகிறார்கள். பிரிட்டனில் அடிக்கடி தொற்று வரும் 598 பெண்களிடம் ஆறு மாதம் தினமும் சோதித்து, முடிவை 2024-இல் வெளியிட்டார்கள். டி-மானோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மறுபடி தொற்று சந்தேகத்தோடு மருத்துவ உதவி நாடினார்கள். வெற்றுப் பொடி எடுத்தவர்களில் 55.7 சதவீதம். புள்ளியியல்படி இதைப் பயன் என்று கொள்ள முடியாது. இதே பிடிமானத்தைக் குறிவைத்து, மானோஸைவிட வலுவாக ஃபிம்-எச்-ஐ அடைக்கும் மானோசைடு மூலக்கூறுகளும் ஆராயப்படுகின்றன.

சிறுநீரில் கிருமி இருந்தும் அறிகுறி ஏதும் இல்லை என்றால், கர்ப்பிணிகளுக்கும் சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குத் தயாராகிறவர்களுக்கும் தவிர, பெரும்பாலோருக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை என்பதே இன்றைய வழிகாட்டுதல். அந்தக் கிருமி 83972 போன்ற ஒன்றாக இருந்தால், அதை அழிப்பதால் காலியாகும் இடத்தில் முழுக் கருவிப்பையோடு வேறொன்று வந்து அமரலாம். எனவே ரிப்போர்ட்டில் ஈ.கோலை என்று கண்டதும் மருந்துக் கடைக்குப் போகாமல், எரிச்சல், அடிக்கடி சிறுநீர், விலா வலி, காய்ச்சல் ஆகியவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். காய்ச்சலும் விலா வலியும் சேர்ந்து வந்தால் கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருக்கலாம். கல்ச்சர் முடிவுக்குக் காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.